அறுபதுக்கு மேலே மூன்று கிணறுகள்

1

இந்தக் கதை என் சொந்தப் பிழையில் பிறந்தது. கணினி நிரல் எழுதி ஒரு வரைபடத்தை அழகாக்கப் போய் மூன்று புள்ளிகளைத் தொலைத்தேன். என்னுடையவை மீன்களின் எடைகள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதைக்கு அது போதாது என்று மீன்களைக் கிணறுகளாக்கினேன்.

2

"வீபோர்க் நகரில் அன்று மழை" என்று தொடங்கினேன். (வேண்டாம். இங்கே என்றைக்குத்தான் மழை இல்லை?)

சரி, இப்படி: தண்ணீர்ப் பரிசோதனை அலுவலகமொன்றில் வேலைபார்க்கும் சிட்ஸெல், பண்ணைக் கிணறுகளின் நைட்ரேட் அளவை வரைபடமாக வரைந்தாள். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீர், கொதிக்கவைத்தாலும், கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுபோல, போன வருடத்து நிரலின் அலங்கார வரிகளை அப்படியே ஒட்டினாள். அதே நீலம், அதே எழுத்து, செங்குத்து அச்சு பூஜ்யம் முதல் அறுபது வரை. போன வருடம் எதுவும் அறுபதைத் தொடவில்லை. இந்த வருடம் அதைத் தாண்டியவற்றை நிரல் தூக்கி எறிந்துவிட்டு, 'மூன்று வரிசைகள் நீக்கப்பட்டன' என்று சிவப்பில் ஒரு வரி காட்டியது.*

* எனக்கும் அந்த வரி வந்தது. நானும் படிக்கவில்லை.

3

குழுத்தலைவன் ப்ரேபென் கறுப்பு ரொட்டிமேல் ஊறுகாய் மீனை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ப்ரேபென், இப்பத்தான் எண்ணிப் பாத்தேன், படத்துல மூணு கிணறு இல்ல."

"அந்தச் சிவப்பு வரியா? தினம் வர்றதுதானே. அதையெல்லாம் படிச்சா மதியம் சாப்பிட முடியாது."

"எழுபத்தொண்ணு, எண்பத்து மூணு, தொண்ணூத்தி நாலு. மூணையும் விட்டுட்டுத்தான் சராசரிக் கோடே போட்டிருக்கு. அதான் அது கீழ இறங்குது."

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "படம் நகராட்சிக்குப் போயிடுச்சா?"

"காலையிலயே. உன் பேரும் போட்டு. ஒரு மணிக்குக் கூட்டம். கோடு இறங்கினா யாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போகாது."

"திங்கக்கிழமை திருத்தி அனுப்புவோம். இப்பச் சொன்னா மொத்த அறிக்கையையும் குப்பையில போடுவாங்க."

"அதுவரைக்கும் அந்தக் கிணத்துக்காரங்க அதையே குடிக்கட்டுமா?"

ப்ரேபென் அவள் முகத்தைப் பார்க்காமல்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. பயந்தவன், அவ்வளவுதான்.)

4

ஒன்றை மறைத்துவிட்டேன். முதல் வரைவில் ஆஸ்தா என்று ஒருத்தி இருந்தாள். தொண்ணூற்று நான்கு அவள் வீட்டுக் கிணறு. ஏழு வாரப் பெண்குழந்தை, புட்டிப்பால். கதை கச்சிதமாக வரட்டும் என்று அவளை வெட்டினேன். அப்படி வெட்டியதும் கதை உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

5

முதல் முடிவில் சிட்ஸெல் நகராட்சிக்குத் தொலைபேசுகிறாள், கூட்டம் நிற்கிறது. இரண்டாவதில் தன் இருக்கைக்குத் திரும்பி அச்சை மட்டும் திருத்திவைக்கிறாள், திங்கட்கிழமைக்காக. முதலாவதை நம்ப முடியவில்லை, இரண்டாவதைத் தாங்க முடியவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. சிட்ஸெலின் கையில் தொலைபேசி இருக்கிறது, அடுத்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். ஆஸ்தா கொதிக்கவைத்த கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிவிட்டு, பால்மாவு டப்பாவைத் திறக்கிறாள்.