இரண்டு லேபிள்

டாக்டர் வருவதற்குள் ஒதுக்கி வைக்கலாமென்று மாத்திரைகளை டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த தனபாலின் கை, இரண்டு அட்டைகளோடு நின்றுவிட்டது. ஒன்றில் பச்சை எழுத்து, இன்னொன்றில் நீலம். கம்பெனி வேறு, பெயர் வேறு. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்த மருந்தின் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்று.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். எழுத்து மாறவில்லை.

கூடத்தில் அவன் அப்பா ஆத்தப்பன் கிடந்தார். விடியற்காலையில் போயிருந்தார். எண்பதைத் தாண்டிய உடம்பு, வருஷக்கணக்கில் தள்ளாடிய இதயம். வந்தவர்கள் அவன் கையைப் பிடித்து "நல்ல சாவுங்க" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்து நூல் விலையைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்த அட்டைகளைப் பார்க்கும்வரை தனபாலும் நல்ல சாவென்றுதான் நினைத்திருந்தான்.

தனபாலின் பனியன் கம்பெனியில் ஒரே மெஷினில் ஓடிய துணி, ஒரே டேபிளில் தைத்த பனியன். ஒரு லேபிள் வைத்தால் ஈரோட்டுச் சந்தை, இன்னொன்று வைத்தால் ஜெர்மனி. அந்த வித்தையில்தான் அவன் இத்தனை வருஷம் சோறு தின்றான். லேபிளைப் பார்த்து வாங்குகிறவர்களை நினைத்து உள்ளுக்குள் சிரித்தும் இருக்கிறான்.

வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி, கூடவே ஒரு சாஃப்ட்வேரும் தந்திருந்தது. மருந்துச் சீட்டை அதில் ஏற்றிவிட்டால் எந்த வேளைக்கு எது என்று திரையில் வரும். கொடுத்ததும் நர்ஸ் டிக் போட வேண்டும். இருப்பு குறைந்தால் மருந்துக்கடைக்குத் தானாகவே ஆர்டர் போய்விடும். சீட்டை ஏற்றிச் சரிபார்க்க ஏஜென்சியில் ஓர் ஆள் உண்டு. அந்த ஆளுக்கான கட்டணத்தைப் பேரம் பேசிக் கழித்தவன் தனபால். "கம்பெனியில எத்தனை ஸ்டைலுக்கு நூலும் பட்டனும் ஏத்தறோம். நாலு மாத்திரை ஏத்தமாட்டமுங்களா?"

போன மாதம் அப்பாவின் இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை கடையில் கிடைக்கவில்லை. டாக்டர் பொன்னுச்சாமி வேறு கம்பெனி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தனபால் அதை இரவு வேளையில் ஏற்றினான். காலை வேளையில் இருந்த பழையதை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை. பெயர் வேறென்றால் சரக்கும் வேறுதானே, பழையது வரும்போது அதுவும் சேர்ந்து நடக்கட்டும். திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டது. ஓகே அழுத்தினான். கம்பெனி சாஃப்ட்வேரிலும் நாள் முழுக்கச் சிவப்புப் பெட்டி வரும். ஒவ்வொன்றுக்கும் நின்று படித்துக்கொண்டிருந்தால் திருப்பூரிலிருந்து ஒரு கன்டெய்னரும் தூத்துக்குடி போய்ச் சேராது.

பழைய மாத்திரை கடைக்கு வந்ததும் சாஃப்ட்வேர் அதையும் சமர்த்தாக வரவழைத்துக்கொண்டது. பகல் நர்ஸ் ஒன்றைக் கொடுத்தாள், இரவு நர்ஸ் மற்றதை. அவரவர் வேளைக்கு உண்டானது மட்டும்தான் அவரவர் திரையில் வரும்.

அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டான். துருத்திக்கொண்டு தெரிந்தன. எடுத்து வேட்டி மடிப்பில் செருகினான். நடந்தால் சரசரத்தன.

"ஏனுங்க," மனைவி ஜனனி கதவருகே நின்றாள். "டாக்டரு வந்துட்டாருங்க. உங்கக்கா அந்த நர்ஸ் புள்ளையப் புடிச்சு வெச்சுட்டு உடமாட்டீங்கறாங்க. வந்து என்னன்னு பாருங்க."

அக்கா காளியாத்தாள் இரவு நர்ஸ் விஜயராணியைச் சுவரோடு மடக்கியிருந்தாள். விஜயராணி சாத்தான்குளத்துக்காரி. பனியன் கம்பெனிகளில் தைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் இவள் ஒருத்திதான் வெள்ளைக் கோட்டுக்குத் தப்பித்தவள்.

"முந்தாநேத்திருந்து சோறே வேண்டாம்னாரு, கொமட்டுதுன்னாரு. என்னத்தக் கலந்து குடுத்த?"

"ஸ்கிரீன்ல வந்ததத்தாம்மா குடுத்தேன். நான் ஒண்ணும் மாத்தலம்மா."

"டி.வி.யிலகூடத்தான் என்னென்னமோ வருது. தனபாலு, இவ ஆபீசுக்குப் போனப் போடு. இனி ஒரு ஊட்டுக்கும் இவள அனுப்பக் கூடாது."

"இப்ப வேண்டாங்க்கா."

"பின்ன எப்ப? காரியமெல்லாம் முடிஞ்சு வெருந்து போட்டப்பறமா?"

பொன்னுச்சாமி குனிந்து, முறைக்காக ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். இமையை விலக்கினார். கரண்ட் போனது, உள்ளறையில் யு.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. அவர் பையிலிருந்து லெட்டர்பேடை எடுத்தார். அவர் எழுதித் தந்தால்தான் மின்மயானத்தில் நேரம் வாங்க முடியும்.

"கடைசியா எப்பிடிங்க இருந்தாரு?"

"சோறு எறங்கலைங்க. கொமட்டலுன்னாரு," என்றான் தனபால்.

பேனா நின்றது. "இதய மாத்திரை அளவுக்கு மேல போனா கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாத் தெரியுமுங்க. அப்பிடி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அப்பா சொல்லியிருந்தார். அவனிடம் மட்டும்தான். அப்போது அறையில் யாரும் இல்லை. இல்லீங்க என்பது சின்ன வார்த்தை. வியாபாரத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை புழங்குவது. நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொல்லிவிட்டால் டாக்டர் வயசுச் சாவென்று எழுதிவிடுவார். அக்கா எப்படியும் ஏஜென்சிக்குப் போன் போடுவாள். அந்தப் பெண்ணுக்கு வேலை போகும். போனால் என்ன, திருப்பூரில் வேலைக்கா பஞ்சம்? அவன் கம்பெனியிலேயே தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் ஓர் இடம் போட்டுத் தரலாம். சம்பளம்கூடக் கொஞ்சம் சேர்த்துத் தரலாம். தன்னோடு தானே பேரம் பேசிக்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது.

விஜயராணி அவனைப் பார்க்கவில்லை. டாக்டரின் பேனா நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாருங்க," என்றான் தனபால். "லைட்டு மஞ்சளா எரியுதுடான்னாரு. நான் டியூப்லைட்ட மாத்துனேனுங்க."

வேட்டி மடிப்பிலிருந்து அட்டைகளை எடுத்து நீட்டினான். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுமா குடுத்தீங்க?"

"ரெண்டுமுங்க. ஏத்துனது நானு. இந்தப் புள்ளைக்கு ஒரு வேளை மாத்திரைதான் தெரியுமுங்க."

வாசலில் நூல் விலை நின்றுபோனது. காளியாத்தாள் எதற்கோ வாயைத் திறந்தவள், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"இதனாலயா, வயசுனாலயான்னு நான் சொல்ல முடியாதுங்க," என்றார் டாக்டர். "ஆனா குடுத்தத எழுதோணுமுங்க."

"எழுதுங்க."

எழுதி, கிழித்துக் கொடுத்தார். துவைக்கிற விதம் சொல்லும் வாஷ்கேர் லேபிளின் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற தனபால் அதைப் படிக்காமல் மடித்து ஜனனியிடம் தந்தான்.

குளிப்பாட்டத் தண்ணீர் தயாரென்று வாசலிலிருந்து குரல் வந்தது.

விஜயராணி ஆத்தப்பனின் பக்கத்தில் மண்டியிட்டாள். நேற்று குளுக்கோஸ் ஏற்றிய ஊசி புறங்கையிலேயே இருந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்தாள். நரைமுடி அதோடு இழுபட்டுத் தோல் கூடாரம்போல் எழும்பியது. அவள் நிறுத்தி, பஞ்சை நனைத்து ஓரத்தில் ஒற்றினாள்.

தனபால் எதிரில் உட்கார்ந்து, தோலை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாக் கண்ணு," என்றான்.

காளியாத்தாள் வந்து குனிந்தாள். யாரையும் பார்க்காமல், பிளாஸ்டர் பிரிகிற இடத்தில் மெல்ல ஊதினாள்.