கோல் முதலில் மாடியில் விழும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்து, "இணைய டிவி சந்தா கேபிளுக்கு மாற்றாகுமா? நாலு பேருக்குப் பயன்படற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார். இதில் என்ன இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். முதல் பத்தி மளமளவென்று வந்தது:

'கேபிளில் வருகிற எல்லாமே இப்போது இணையத்திலும் வருகிறது. நேரடி ஒளிபரப்பு மட்டும் ஓர் அரை நிமிடம் பிந்தி வரும். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும்—'

அங்கே கை நின்றுவிட்டது. நஷ்டப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

2

(முதல் தொடக்கம்: 'ஓர் ஊரில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள்.' பாடப்புத்தக வாடை. கைவிட்டேன்.)

(இரண்டாவது: 'கூரையைப் பார்த்தபடி அவர் காத்திருந்தார், ஏனென்றால்—' அலட்டல். இதையும் விட்டேன்.)

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இருவரும் என் அண்ணன்கள்; நான் கடைக்குட்டித் தங்கை. இதைக் கடைசிவரை மறைத்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம்தான். அந்த வித்தையெல்லாம் எனக்கு அலுத்துவிட்டது.

ஒரே வீடு. மாடியில் பெரியண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கீழே சின்னண்ணன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் பெரியவர். இந்த வயதில் வேண்டாம் என்றார் சின்னவர். செய்தார்கள். அம்மா வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சின்னவர் பெரியவரிடம், "நீதான் கொன்னுட்ட" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. வருடங்கள் ஓடிவிட்டன.

(அந்த வார்த்தையைக் கொஞ்சம் மென்மையாக்க முடியுமா என்று எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முடியவில்லை. சொன்னது சொன்னதுதான்.)

3

இருவருக்கும் கால்பந்துப் பைத்தியம்.* சின்னவர் இணைய டிவிக்கு மாறினார். பெரியவர் கேபிளை விடுவதாக இல்லை. ஆகவே எந்த ஆட்டமானாலும் கோல் முதலில் மாடியில் விழும். "கோல்!" என்று பெரியவர் போடுகிற கூச்சலில் கீழ்வீட்டு மின்விசிறி அதிரும். அரை நிமிடம் கழித்து அதே கோல் கீழே விழும்.

"எரிச்சலா இல்லையாண்ணா? முன்னாடியே தெரிஞ்சுட்டா அப்புறம் என்னத்தப் பாக்கறது?" என்று சின்னவரிடம் கேட்டிருக்கிறேன்.

"சத்தம் அதுவா வருது. நான் என்ன, காதப் பொத்திக்கிட்டா உக்கார முடியும்?"

ஆனால் தன் டிவியின் சத்தத்தைக் கூட்டவே மாட்டார். அது முணுமுணுத்துக்கொண்டே கிடக்கும்.

(இவர்மேல் எனக்கே சந்தேகம் உண்டு. அண்ணன் குரல் கேட்க டிவியை அடக்கி வைக்கிற மனிதர் மாடி ஏறிப் போய் ஒரு வார்த்தை பேசமாட்டாரா? வெறும் கதாபாத்திரம் என்றால் திருத்தியிருப்பேன். அண்ணனாகப் போய்விட்டார்.)

* எங்கள் அணி எது என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் தோற்கும். அந்த அடையாளம் போதும்.

4

ஒரு விடுமுறை நாள், சாயங்காலம். நானும் கீழ்வீட்டில் இருந்தேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. சின்னவரின் கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். மாடியில் சத்தமே இல்லை.

"போச்சு. வெளிய அடிச்சிட்டான்" என்றார் சின்னவர், அடிப்பதற்கு முன்பே.

பந்து வலைக்குள் போனது.

நான் துள்ளி எழுந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ரிமோட்டை எடுத்து, இருந்த கொஞ்சம் சத்தத்தையும் அணைத்தார்.

"அண்ணன் ஏன் கத்தல?"

'மேல் போர்ஷன்காரர்' என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தார். அண்ணன் என்ற சொல் அவர் வாயில் அன்றுதான் வந்தது.

"தூங்கியிருப்பார்ணா" என்றேன்.

"இந்த ஆட்டத்தப் பாக்காமயா? அண்ணி காலைலயே எங்கயோ கிளம்பிப் போனாங்க. தனியா இருக்காரு."

செருப்புகூடப் போடாமல் மாடிப்படிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

5

முடிவு ஒன்று: மேலே பெரியவர் மயங்கிக் கிடக்கிறார். தம்பி காப்பாற்றுகிறார். மன்னிப்பு, கண்ணீர், எல்லாம். எழுதியும் பார்த்தேன். இவர்களைச் சேர்த்து வைக்க ஒருவரைக் கீழே சாய்த்தாக வேண்டுமா என்று என்மேலேயே கோபம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு, நடந்தது: சின்னவர் பாதிப் படி ஏறியிருந்தபோது மேலே "கோல்!" என்று கூச்சல் கேட்டது. முதல் நாள்தான் பெரியவரின் மகள் கேபிளை எடுத்துவிட்டு, அவருக்கும் இணைய டிவி வைத்துக் கொடுத்திருக்கிறாள். மாடி இணையம் கீழ்வீட்டைவிட மந்தம்.

சின்னவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

"பாதி ஏறிட்டியேண்ணா. போய்ப் பாத்துட்டு வாயேன்."

"எதுக்கு? அதான் சத்தம் வந்திருச்சே."

இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டார்.

இப்போதெல்லாம் கீழே கோல் விழுந்து ஆறிய பிறகுதான் மாடியில் கூச்சல். சின்னவர் அதற்குக் காத்திருப்பதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார். எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

(ஆசிரியருக்கு: மாற்றாகும், ஐயா. எல்லாம் வருகிறது. படமும் தெளிவு. அந்த ஒரு பக்கத்தை வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.)

6

எழுதுகிறவளுக்கு ஒரு சலுகை உண்டு. ஐந்தாம் பகுதியில் இருந்த அந்தக் கூச்சலை அடித்துவிட்டேன்.

ஆகவே, சின்னண்ணன் பாதிப் படியில் நிற்கிறார். மேலே கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே பெரியண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும், சின்னவருக்குத் தெரியாது. கோல் விழுந்துவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

தயவுசெய்து கத்திவிடாதீர்கள். அவர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.