கோட்டைக்கு ஒரு சாக்கடை

அண்ணன் தம்பி இருவரும் முகம் பார்த்துப் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அண்ணி கணக்கு டீச்சர். அவள்தான் ஞாயிறு மதியங்களில் இணையத்தில் ஒரு விளையாட்டைத் தொடங்கி இருவரையும் இழுத்துப் போட்டாள். ஆளுக்கொரு வேஷம், உருட்டப் பகடை, திரையில் ஒரு கோட்டையின் வரைபடம். உள்ளே புகுந்து பொக்கிஷத்தை அள்ளுவதுதான் ஆட்டம். கதையை நடத்துவது அண்ணி. அவள் கணவர் திருடன், கொழுந்தன் குள்ள வீரன், ஓரகத்தி வைத்தியச்சி. "குள்ளா, கதவை உடை" என்பான் திருடன், குள்ளன் உடைப்பான். வேஷம் போட்டுக்கொண்டாவது பேசுகிறார்களே என்று அண்ணிக்கு மனசு குளிர்ந்தது.

அதிலும் மண் விழப் பார்த்தது. அன்று காலை ஓரகத்தி போன் செய்தாள்.

"அக்கா, இவரு இன்னியோட நிறுத்திக்கறேங்கறாரு. கதவை உடைக்கறதைத் தவிர எனக்கு அங்க என்ன வேலைன்னு கேக்கறாரு."

கேள்வி நியாயந்தான். வரைபடத்தில் ஒரு கல்லைக்கூட அண்ணி யாரையும் தொட விட்டதில்லை. பரீட்சைத் தாள் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இனி அது செல்லாது. கோட்டைக்கு வெளியே அவரவர் கூடாரத்தை அவரவரே வரையட்டும் என்று அனுமதிப் பக்கத்தைத் திறந்தவள், அவசரத்தில் முழு வரைபடத்துக்கும் டிக் போட்டுத் தொலைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. கொழுந்தன் கூடாரத்துப் பக்கமே போகவில்லை.

"அண்ணி, இந்தக் கோட்டைல எத்தனை பேரு?"

"நானூறு சிப்பாய், தம்பி."

"நானூறு பேரு குளிக்கற தண்ணி எங்க போகுது? ஒரு சாக்கடைகூட இல்லையே!"

கொழுந்தனுக்கு பிளம்பர் வேலை. வாய் பேசும்போதே கை கோடு போட்டது. சமையல்கட்டில் தொடங்கி, பொக்கிஷ அறைக்கு அடியில் புகுந்து, அகழியில் முடியும் பெரிய சாக்கடை. திரும்பும் இடமெல்லாம் ஆள் இறங்கும் குழி. அகழியிலிருந்து ஊர்ந்து போனால் நேராகப் பொக்கிஷம்! வாசலில் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அண்ணி வைத்த ஆறு பொறியும் போச்சு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழிக்கும் பொத்தானுக்கு விரல் போய்விட்டது.

அதற்குள் அடுத்த அறையிலிருந்து கணவரின் குரல்.

"குள்ளா, இந்த இடத்துல வாட்டம் பத்தாது. தண்ணி எதுத்துக்கிட்டு வரும்."

"எப்படி வரும்? அடிக்குக் கால் அங்குலம் இறக்கியிருக்கேன்."

"அப்ப வளைவுல அடைச்சா?"

"அதுக்குத்தானே குழி. நீயே ஒண்ணு வரைஞ்சு பாரு."

அவரும் வரைந்தார். தம்பி திருத்தினான். மறுபடி வரைந்தார். இந்த ஐந்து வருஷத்தில் இத்தனை வார்த்தை இருவரும் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. பொறியாவது மண்ணாங்கட்டியாவது! அண்ணி விரலை எடுத்துக்கொண்டாள்.

"சாக்கடைன்னா எலி இருக்கும். உருட்டுங்க பகடையை," என்றாள் சந்தோஷமாக.

எலிகளிடம் கடி வாங்கி, பொக்கிஷத்தை அள்ளி, சாயங்காலம் ஆட்டம் முடிந்தது. எல்லோரும் இணைப்பைத் துண்டிக்கும் நேரத்தில் கணவர் தொண்டையைச் செருமினார்.

"டேய்."

திருடன் குள்ளனை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

"நம்ம வீட்டு பாத்ரூம்ல தண்ணி தேங்குதுடா. யார் யாரையோ கூப்பிட்டுப் பாத்தாச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தன் எகிறினான்.

"கண்டவனை எதுக்குண்ணா வீட்டுக்குள்ள விடறே? நான் என்ன செத்தா போயிட்டேன்? சனிக்கிழமை வர்றேன்."