ஆறாவது வரி

செயலாளர் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த போட்டி அறிவிப்பின் அடியில் ஆறாவதாக ஒரு வரி எழுதினார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். பார்க்கட்டும் என்றுதான் அவரும் எழுதினார் போல.

பன்னிரண்டு வருஷமாக இந்த கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவள். வண்டி குலுக்கிக் குலுக்கி இடுப்பெலும்பு தேய்ந்துபோயிற்று. இன்னும் ஒரு வருஷம் ஓட்டினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊழியர் போட்டியில் ஜெயிக்கிறவருக்குப் பயிற்சியாளர் வேலை என்று தெரிந்த அன்றைக்கே விதிப்புத்தகத்தை வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் வண்டி நிழலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்றைக்குப் பதினெட்டுக் குழியும் முடிந்தபோது பண்டகசாலைக்காரனைவிட அவளுக்கு ஒரு அடி குறைவு. குறைவாக அடித்தவர்தான் ஜெயித்தவர்.

அது கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. கடைசிக் குழியில் பந்து குளத்தில் விழுந்ததும், பாக்கெட்டிலிருந்து வேறு கம்பெனிப் பந்தை எடுத்து ஆடியிருந்தாள். ஆட்டம் முழுக்க ஒரே கம்பெனி, ஒரே ரகப் பந்து என்பது நிபந்தனையாம்; இப்போது எழுதிய ஆறாவது வரி அதுதான். மீறினதற்கு இரண்டு அடி தண்டனை என்று செயலாளர் கூட்டிவிட்டார். பண்டகசாலைக்காரன் ஜெயித்தவனாகிவிட்டான். அவன் செயலாளருக்கு மச்சினன்.

"சார், அது விதி இல்ல. வேணும்னா வச்சுக்கலாம்ங்கிற நிபந்தனை. வச்சுக்கிறதுன்னா ஆட்டத்துக்கு முன்னாடியே எழுதிப் போடணும்."

"மெம்பருங்க போட்டியில எப்பவும் உள்ளதுதாம்மா. உனக்குத் தெரியாதா?"

"மெம்பருங்க டஜன் டஜனா வாங்குவாங்க. நாங்க குளத்துல முங்கிப் பொறுக்குறோம். சேத்துக்குள்ள கம்பெனி பாத்தா சார் எடுக்க முடியும்?"

செயலாளர் சிரித்தார். பேச்சு நன்றாக வருகிறது, பயிற்சியாளருக்கு அதுவும் வேண்டியதுதான், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். நாலரைக்குக் கமிட்டிக்காரர்கள் வருகிறார்கள், அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று சுவரைக் காட்டினார். மை இன்னும் காயவில்லை.

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. விதியில் தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு வண்டி ஏறியிருப்பாள். விதி என்றால் அவளுக்கும் அவருக்கும் ஒன்று. இதுவோ விருப்பம்போல் போடலாம், விருப்பம்போல் எடுக்கலாம். விருப்பம் யாருடையது என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. காலையில் பசை வாளியோடு அறிவிப்பை ஒட்டியதே அவள்தான். மிஞ்சின அறிவிப்புத் தாளை வீணாக்க மனசில்லாமல், முதல் குழிக்கு அடிக்கத் தொடங்கும் மேட்டிலிருந்த பலகையிலும் ஒன்று ஒட்டியிருந்தாள். அதில் ஐந்து வரிதான். செயலாளருக்கு அது தெரியாது. அவ்வளவு தூரம் நடக்கிற ஆளா அவர்.

வண்டியை முடுக்கினாள். வழியில் பண்டகசாலைக்காரன் நின்றிருந்தான். காலையில் அந்தப் பலகை முன்னால் நின்று, அவளோடு சேர்ந்து வரிவரியாகப் படித்தவன்.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"நீ ஒண்ணும் சொல்லலங்கிறதுதாண்டா எனக்கு ஆத்திரம்."

மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. நேரத்துக்குத் தானாகத் திறக்கும் தெளிப்பான்கள் புல்லுக்குள்ளிருந்து தலையைத் தூக்கின. தாளைப் பிய்க்கப் பார்த்தாள். அவள் கையாலேயே அழுத்தித் தேய்த்து ஒட்டினது. ஓரம் கிழிந்ததே தவிர வரவில்லை. பலகையின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாள் நனையாதபடி அதன்மேல் கவிழ்ந்து நின்றாள். தண்ணீர் சாட்டை மாதிரி முதுகில் விழுந்தது, இடுப்பில் குத்தியது, ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடியும் வந்தது. வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் செயலாளர் பேரோடு சேர்த்துச் சொன்னாள். மூக்குக்கு நேரே ஐந்தாவது வரி. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

தண்ணீரை அடைக்கிற சாவி பண்டகசாலைக்காரனிடம்தான் இருக்கும். அக்குள் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தூரத்தில், குழாய்த் தொட்டியின் ஓரத்தில் அவன் நின்றான். சாவி கையில் தொங்கியது. தண்ணீரை அடைக்கக் குனிகிறானா, சும்மா நிற்கிறானா என்று தண்ணீருக்குள்ளிருந்து அவளுக்குத் தெரியவில்லை. சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.