இருபத்தேழு அடி

2009ஆம் ஆண்டு ஆடிப்பெருக்குக்கு மறுநாள், செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் இருந்த ஒரு கல்யாண மண்டபம், காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நாலரை அடி தெற்கே நகர்ந்தது. உள்ளே அப்போது முப்பத்திரண்டு பேர் செக்யூரிட்டி வேலைக்கான பயிற்சியில் இருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. சமையல்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்களில் ஒன்று மட்டும் உருண்டு சுவரில் மோதி நின்றது. அந்த ஒரு மணி நேரமும் மண்டபத்தின் நடுவில் தெற்குப் பார்த்து அசையாமல் நின்றவன் செங்கல்வராயன்.

அவனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. செய்யூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவன் கால்கள் அதுவரை நின்றதில்லை. சாப்பிடும்போது தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தான். சவரம் செய்துகொள்ளும்போது நாவிதரும் கூடவே நடந்தார். 1993இல் எல்லம்மாளைக் கட்டினபோது, அக்கினியை மூன்று முறை சுற்றச் சொன்னார் ஐயர்; அவன் பத்தொன்பது முறை சுற்றினான். முந்தானை முடிச்சு போட்டிருந்ததால் அவளும் பத்தொன்பது முறை சுற்றினாள். எதற்காக நடக்கிறாய் என்று கேட்டவர்களுக்கு அவனால் பதில் சொல்ல முடிந்ததில்லை. அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவனுக்கு இருக்கும் தவிப்பு, அவனுக்குக் காரணமில்லாமல் எந்நேரமும் இருந்தது. நடந்தால் அது கொஞ்சம் பின்தங்கியது. நின்றால் பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் காவல் வேலைக்கு இது குறையாக இல்லை. கடப்பாக்கம் பக்கத்து இறால் பண்ணையில் நாலு வருஷம் குட்டைகளின் கரைமேல் நடந்தான். எந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று திருட வருகிறவனால் கணக்குப் போட முடியவில்லை. பண்ணையை மூடிய பிறகு ஒரு சவுக்குத் தோப்பு, பிறகு எல்லைக்கல் மட்டும் நட்டிருந்த ஒரு மனைப் பிரிவு. பதினெட்டு நாளைக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தேய்ந்தது. கஷ்டம் வாடகை வீடுகளில்தான் வந்தது. எந்த வீட்டில் குடியேறினாலும் வாசலிலிருந்து பின்கதவு வரை சிமெண்டுத் தரையில் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. வீட்டுக்காரர் வந்து பார்ப்பார்; எல்லம்மாள் மூட்டை கட்டுவாள். பதினோரு வருஷத்தில் பதினோரு வீடு. கடைசி இரண்டு வீடுகளில் அவள் சாமான்களைச் சாக்கிலிருந்து எடுக்கவே இல்லை. குழம்புக் கரண்டியைக்கூடத் தேவைப்படும்போது சாக்குக்குள் கைவிட்டு எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திரும்ப உள்ளே போட்டாள்.

2004 ஆவணியில் மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில், கடலுக்கு முன்னூறு அடி தள்ளிக் கட்டியிருந்த நீலக்கரை அபார்ட்மெண்டில் அவனுக்கு வேலை கிடைத்தது. மூன்று மாடி, இருபத்து நான்கு வீடு. அணுசக்தி ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு பஸ் பிடித்துப் போகிறவர்களும் இருந்தார்கள். வாட்ச்மேனுக்கு என்று படிக்கட்டுக்குக் கீழே, மோட்டார் அறையை ஒட்டி வடக்குப் பார்த்து ஓர் அறை உண்டு. கட்டடம் கட்டியவர் மிச்சப்பட்ட கருங்கல் பலகைகளை அந்த அறைக்குத் தரையாகப் போட்டிருந்தார். செங்கல்வராயனின் கால் அந்தக் கல்லை ஒன்றும் செய்யவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு எல்லம்மாள் சாக்கைப் பிரித்தாள். சுனாமி அன்று தண்ணீர் காம்பவுண்டுச் சுவர் வரை வந்து தொட்டுவிட்டுத் திரும்பியது. பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடினார்கள். அவள் அறையை விட்டு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் வழக்கம்போலக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

செக்யூரிட்டி ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று தில்லியில் 2005இல் போட்ட சட்டம் செங்கல்பட்டுக்கு வந்து சேர நாலு வருஷம் பிடித்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஜெகதீசன் ஒரு நாள் பைக்கில் வந்து இறங்கி, நூற்றறுபது மணி நேரம் பயிற்சி, அதற்கு ஒரு சர்ட்டிபிகேட், அதற்கு மேல் போலீஸ் விசாரணை, இவை இல்லாதவனுக்குத் தை மாதத்துக்குப் பிறகு யூனிபார்ம் கிடையாது என்றான். யூனிபார்ம் இல்லாதவனுக்கு அறை கிடையாது என்பதை அவன் சொல்லவில்லை. எல்லம்மாள் அதைத் தானாகவே கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் மடித்து வைத்திருந்த பழைய சாக்குகளை எடுத்து உதறி வெயிலில் போட்டாள்.

ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. பயிற்சி கொடுத்தவர் பன்னீர்செல்வம், ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்து சுபேதாராக வெளியே வந்தவர். உயரம் அளந்தார்கள், மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை அளந்தார்கள். எண்ணெய்த் தீக்கு எந்த சிலிண்டர், மின்சாரத் தீக்கு எது, வண்டியின் அடியில் கண்ணாடியை எப்படி நீட்ட வேண்டும், வந்தவர் பெயரை ரிஜிஸ்டரில் எப்படி எழுத வேண்டும் என்று மணமேடையில் கரும்பலகையைச் சாத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். செங்கல்வராயன் நாற்காலிகளைச் சுற்றி நடந்தபடி கேட்டான். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னான். பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு மூலையிலிருந்து வந்தது.

கடைசிப் பரீட்சை சட்டத்தில் இல்லாதது. சுபேதார் தாமாகச் சேர்த்தது. ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். சட்டத்தில் இல்லையே சார் என்று ஜெகதீசன் இழுத்தான். "சட்டம் எழுதினவன் ஒரு நாள் கேட்ல நின்னு பாத்திருப்பானா?" என்று கேட்டுவிட்டு சுபேதார் பேனாவை மூடிப் பையில் வைத்தார். நிற்காதவனுக்குக் கையெழுத்து இல்லை.

"அண்ணாத்த, கால்ல ஆணி அட்ச்சிக்கோ, இல்லாங்காட்டி அது தனியா கெளம்பி மதுராந்தகம் பூடும்" என்றான் கூடப் பயின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். "சாவ்தான்!" என்று ராணுவ இந்தியில் சுபேதார் கத்தினார். செங்கல்வராயன் குதிகாலைச் சேர்த்தான்.

முதல் பத்து நிமிஷம் அவன் தொடைகளில் எறும்பு ஊர்ந்தது. வழக்கமான தவிப்பு பின்னாலிருந்து வந்து பிடரியைத் தொட்டது. அறையை நினைத்தான், அங்கே வெயிலில் கிடந்த சாக்குகளை நினைத்தான், நின்றான். பதினோராவது நிமிஷம் அந்தத் தவிப்பு கால் வழியாகக் கீழே இறங்கித் தரைக்குள் போய்விட்டது. இறங்கிப் போனதை அவன் தெளிவாக உணர்ந்தான். பிறகு உள்ளே ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் எதிலிருந்து விலகி நடந்தோமோ அது இருந்த இடம், பெருக்கிச் சுத்தம் செய்த கூடம்போல வெறுமனே இருந்தது. அந்த அமைதியில் அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் தோள் அசையும் என்று அடக்கினான். அதே நேரத்தில் மண்டபத்தின் ஜன்னல்கள் லேசாக முனகின, உத்தரத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, வாசல்படிக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவில் இடைவெளி விழத் தொடங்கியது.

மண்டப மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தார். டேப் பிடித்து அளந்தார்கள், நாலரை அடி. இப்படிச் செய்தவனுக்கு எப்படி சர்ட்டிபிகேட் கொடுப்பீர்கள் என்று அவர் கேட்டார். சுபேதார் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "பரீட்ச மண்டபத்துக்கு இல்ல, ஆளுக்கு. ஆள் நவுரல. நான் கண்ண எடுக்காம பாத்துகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மண்டபம் அங்கேயே தங்கிவிட்டது. ஆவணியில் வழக்கம்போல முகூர்த்தங்கள் நடந்தன. வடக்குப் பக்கம் மாப்பிள்ளை கார் நிறுத்தக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

புது யூனிபார்மும் தொப்பியுமாகச் செங்கல்வராயன் நீலக்கரைக்குத் திரும்பினான். பயிற்சி பெற்ற ஆள் என்பதால் அசோசியேஷன் அவனைக் கேட்டில் நிற்கச் சொன்னது. ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற சதாசிவம்தான் செயலாளர். செங்கல்வராயன் மறுக்கவில்லை. அந்த அமைதி மறுபடி கிடைக்குமா என்று அவன் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். காலை ஆறு மணிக்கு மேற்கே சாலையைப் பார்த்து நின்றான். கிடைத்தது. பஸ்களும் லாரிகளும் போயின. பின்னால் யாரோ கத்தியதும், பாத்திரம் விழுந்ததும் எங்கோ தொலைவில் நடப்பதுபோலக் கேட்டன. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்காகத் திரும்பினான். கேட்டிலிருந்து முப்பத்து மூன்று அடியில் இருக்க வேண்டிய கட்டடம் அவன் முதுகுக்குப் பின்னால் ஆறடியில் வந்து நின்றிருந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் கூடியது. சதாசிவம் டேப்பும் நோட்டுமாக வந்து, ஒரு மணி நேரத்துக்கு நாலரை அடி, ஆறு மணி நேரத்துக்கு இருபத்தேழு என்று படித்தார். இரண்டாம் மாடி ஜெயப்பிரியா, பால்கனியில் நின்று துணி உலர்த்தினால் டவுன் பஸ்ஸில் போகிறவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான், வேறு ஆளைப் போடுங்கள் என்றாள். பலரும் அதுதான் சரி என்றார்கள். செங்கல்வராயன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பழையபடி நடந்துவிடுகிறேன் சார் என்றான். சொல்லிவிட்டுக் கேட்டில் தான் நின்ற இடத்தைப் பார்த்தான். "நடக்கிறதுக்காப்பா இருபது நாள் பயிற்சி எடுத்துட்டு வந்தே?" என்றார் சதாசிவம். ஏஜென்சிக்குப் போன் செய்ய எண்ணைத் தேடினார்.

மோட்டார் அறை வாசலில் நின்றிருந்த எல்லம்மாள் அதுவரை அந்தக் குடியிருப்பில் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. "சாரு, போன வையி" என்றாள். "அது கண்ட பக்கமெல்லாம் போவாது. இவுரு மூஞ்சிய எந்தப் பக்கம் வச்சிகினு கீறாரோ அந்தப் பக்கந்தான் போவும். பதினாறு வருசமா அந்த மூஞ்சி பின்னாலதான் நானும் மூட்டயத் தூக்கிகினு போய்கினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. சதாசிவம் நோட்டைப் புரட்டி, மண்டபம் எந்தத் திசையில் போனது என்று கேட்டார். தெற்கே. நீ எந்தப் பக்கம் பார்த்து நின்றாய்? தெற்கே. அன்று மதியமே அவனைக் கேட்டில் கிழக்குப் பார்த்து நிற்க வைத்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கட்டடம் பழைய இடத்தில், பழைய எண்ணெய்க் கறைக்கு மேலேயே வந்து நின்றது.

அதன் பிறகு சதாசிவம் ஓர் அட்டவணை எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை செக்யூரிட்டி கிழக்குப் பார்த்து நிற்பார். பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஏழு வரை மேற்கு. கட்டடத்துக்குக் கிழக்கே, விளம்பரத் தாளில் நீச்சல் குளம் என்று படம் போட்டுக் கடைசிவரை தோண்டாமல் விட்ட வெற்று நிலம் இருந்தது. கட்டடம் காலையில் அதன்மேல் இருபத்தேழு அடி போய்ப் பிற்பகலில் திரும்பி வந்தது. மின்சார வாரியத்து ஆட்கள் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார்கள். தண்ணீர்க் குழாய்கள் தாமாகவே நீண்டு சுருங்கின; பிளம்பர் அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஜெயப்பிரியாவின் வீட்டுக்கு முற்பகலில் கடல்காற்று கூடுதலாக வந்தது. அவள் துணி சீக்கிரம் உலர்ந்தது. சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் செக்யூரிட்டியைப் பார்த்து ஆரம்பத்தில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று கட்டடம் நின்றது, அவன் கால்கள் பழையபடி நடந்தன.

தை பிறந்து எட்டாம் நாள், காலை பத்து மணிக்கு ஏட்டு ராமானுஜம் போலீஸ் விசாரணைக்கு வந்தார். ஆள் ஒரே இடத்தில் ஐந்து வருஷம் இருந்திருக்கிறானா என்பதுதான் படிவத்தில் முக்கியமான கேள்வி. இடம் மாறிக்கொண்டே இருப்பவன் என்று ஏட்டு எழுதிவிட்டால் யூனிபார்ம் போய்விடும், அறையும் போய்விடும். அவர் பைக்கைக் கட்டடத்தின் நிழலில் நிறுத்திவிட்டு வடக்குப் பக்க அறை வாசலுக்கு வந்தார். எல்லம்மாள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பெயர், வயது, சொந்த ஊர் எழுதினார். பேனாவைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த காம்பவுண்டுச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். சுவர் மெதுவாக மேற்கே நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது, வந்ததுலேந்து பாக்கறேன், வூடு போய்கினே கீது. ஒரே எடத்துல அஞ்சு வருசம்னு நான் எப்படி எழுதறது?"

"வூடு போவுது சாரு" என்றாள் எல்லம்மாள். "நாங்க எங்கியும் போவல. அப்படியே எழுதிக்கோ."

ஏட்டு அவளைப் பார்த்தார். உள்ளே அலமாரியில் அடுக்கியிருந்த பாத்திரங்களையும், கருங்கல் தரையையும் பார்த்தார். வெளியே ஒரு காகம் சுவரிலிருந்து சன்ஷேடுக்கும் சன்ஷேடிலிருந்து சுவருக்குமாக இடம் மாறிக்கொண்டிருந்தது. அவர் படிவத்தை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே முகவரியில் நிலையாக வசித்து வருகிறார் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெளியே வந்தபோது நிழல் அவர் பைக்கை விட்டுவிட்டு நகர்ந்திருந்தது, சீட் கொதித்தது. ஒரு செய்தித்தாளை விரித்துப் போட்டு உட்கார்ந்து கிளம்பினார்.

அவர் என்ன எழுதினார் என்று செங்கல்வராயனுக்கு அப்போது தெரியாது. தலையை வடக்கே திருப்பியிருந்தால் எல்லம்மாளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். திருப்பினால் கட்டடமும் அந்தப் பக்கம் போகும்; அங்கே சுவரை ஒட்டி ஏழு கார்கள் நிறுத்தியிருந்தன. மணி பன்னிரண்டு அடிக்கும்வரை அவன் கிழக்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.