காவடிக்கு மூன்று மாதம் முன்

மகளைப் பெற்றெடுத்தபோது அலமேலு பிழைத்ததே பெரும்பாடு. அப்போது முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டாள். ஆனால் அடுத்து வந்த இரண்டு தைப்பூசத்திலும் அவளுக்காகக் காவடி சுமந்தவள் நாத்தனார் தெய்வானை. சிறுவயது மலேரியாவும் பிரசவமும் அலமேலுவின் ரத்தத்தை அந்த அளவுக்குக் குறைத்திருந்தன. வக்குவா நகரில் அவள் தட்டச்சு செய்யும் அலுவலகத்தின் மாடிப்படி ஏறினாலே கண் இருட்டும்.

"இந்த வருஷமும் தெய்வானையே எடுக்கட்டும்" என்றான் கணவன் விநாயகம்.

"நேர்ந்தவ நான். சுமக்கறதும் நான்தான். மோ மெம், நானேதான்!"

டாக்டர் எட்மோன் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்துப் போயிருக்கு மதாம். ஈரல் சாப்பிடுங்க. மீன் எண்ணெய் குடிங்க."

"விரதத்துல அதையெல்லாம் வாயில வைக்க மாட்டேன் டாக்டர். விரத நாள்லயும் நிறுத்தாம சாப்பிடற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். "அப்போ இரும்பு மாத்திரை. காவடிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கில்ல? இன்னிக்கே ஆரம்பிங்க. கடைசி வாரத்துல விழுங்கினா பிரயோஜனமில்ல."

மருந்துக்கடை மொரிஸ் அவளுடைய வெளுத்த முகத்தைப் பார்த்ததும் புட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார். "இந்த டானிக்கைத்தான் மதாம் எல்லாரும் வாங்கறாங்க." அலமேலு புட்டியைத் திருப்பிப் படித்தாள். ஒயின். தள்ளி வைத்தாள். அடுத்தது ஈரல் சத்து. அதையும் தள்ளினாள். மூன்றாவது ஈஸ்ட் மாத்திரை. அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனாலும் வேண்டாமென்றாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா விழுங்கினா எது வேலை செஞ்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இரும்பு மட்டும் குடுங்க."

முதல் வாரமே வயிற்றைப் புரட்டியது. மலம் கரியாய்ப் போகவே விநாயகம் பயந்துவிட்டான். "விட்டுடு அலமேலு, சாமி கோவிச்சுக்காது." அவள் விடவில்லை, டாக்டரிடம் திரும்பிப் போனாள். கறுப்பாய்ப் போவது இரும்பினால்தான், பயமில்லை என்றார் அவர். வெறும் வயிற்றில் வேண்டாம், சோற்றுக்குப் பின் போடுங்கள் என்றார். அப்படியே செய்தாள். வேலியோரத்து முருங்கைக்கீரையும் அடிக்கடி சட்டியில் ஏறியது. ஒருநாள் மாடி ஏறி இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான், வழியில் கைப்பிடியைத் தொடவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. டாக்டர் மறுபடி இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "போய்ச் சுமங்க" என்றார்.

தைப்பூசத்தன்று தார்ச்சாலை கொதித்தது. மௌன விரதத்துக்காக வாயைத் துணியால் கட்டி, பூவும் எலுமிச்சையும் பாற்செம்புகளும் கட்டிய காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். கோயில் மேட்டில் கால் கனத்தது. பக்கத்திலேயே வந்த தெய்வானை கையை நீட்டினாள்.

"அண்ணி, கொஞ்ச தூரம் நான் வாங்கிக்கறேனே?"

அலமேலு தலையை ஆட்டி மறுத்தாள். மேளம் காதை அடைத்தது. கண் இருட்டவில்லை. படிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் அவளே ஏறினாள்.

செம்பைத் திறந்தபோது, அவ்வளவு வெயிலிலும் பால் திரியவில்லை; விரதம் பலித்ததற்கு அடையாளம் அது. வேலின்மேல் அது வழிந்ததைப் பார்த்து விநாயகம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் "என் பெண்சாதி, என் பெண்சாதி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அலமேலு வாய்க்கட்டை அவிழ்த்தாள். நிமிர்ந்து நின்றாள்.

தெய்வானை அவள் தோளில் பதிந்திருந்த சிவந்த தடத்தைத் தடவினாள்.

"அடுத்த வருஷம் எனக்குன்னு ஒண்ணு நேர்ந்துக்கப் போறேன், அண்ணி."

"நேர்ந்துக்கோ" என்றாள் அலமேலு. "திங்கக்கிழமை மொதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிட்டு வா."