எரியாத டேஞ்சர் லைட்

தட்டினால் எரிகிறது, கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. இப்படி ஒரு விளக்கை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வான்? டாக்சியையும் ஓட்டிக்கொண்டு, பின்னால் ஓடிப்போய் அதைத் தட்டிக்கொண்டும் இருக்க முடியுமா?

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. இருட்டின பிறகு காவேரிப் பாலத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன பாய், டேஞ்சர் லைட் எரியலை? பின்னாடி வர்ற பஸ்காரன் உம்ம மேல ஏறட்டுமா? நாளைக்கும் இப்படி வந்தீர்னா வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும்" என்றார். சவாரிக்கு வந்தவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு வாங்கினால் எப்படி இருக்கும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதனால்தான் சனிக்கிழமை நடுப்பகலில், ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே எங்கள் ஸ்டாண்டில், சித்திரை வெயிலில் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். புது பல்பு போட்டேன். அதுவும் அதே கூத்துத்தான் காட்டியது. வயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தேன், எங்கும் அறுந்திருக்கவில்லை. சிவப்புக் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக விரல் நுனியெல்லாம் கிழிந்ததுதான் மிச்சம். வெயிலில் தகரம் வேறு தோசைக்கல்லாகக் காய்ந்தது.

அந்த நேரம் பார்த்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸிலிருந்து என் அக்கா சாரா பீவி இறங்கினாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நான் அவளை லாத்தா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டு வெகுநாள் ஆகிவிட்டது.

அன்று மாலை ரயிலில் அவள் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறாள். மெட்ராஸ் போய், பம்பாய் போய், அங்கிருந்து கப்பல். எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்னால் சொந்தக்காரர், அண்டை வீட்டார் எல்லாரிடமும் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ ஏதும் தப்புச் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது. கப்பல் பயணம், திரும்பி வருவோமோ என்னவோ. ஒருவர் மனக்குறையோடு இருக்கும்போது விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. பாலக்கரையில் என் வீட்டுக்கு அவள் ஆள் அனுப்பியபோதெல்லாம் நான் இல்லையென்று சொல்லச் சொன்னேன். அதனால் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, பொருத்தம் கேக்க வந்திருக்கேன்."

"பாத்தா தெரியலையா? வேலையா இருக்கேன்."

"முடிச்சிட்டுச் சொல்லு. அஸர் தொழுகைக்குள்ள நான் வீட்டுக்குப் போயிரணும்."

என் மனைவி ஆரிஃபா காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த லாத்தா ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. ஆரிஃபாவுக்குத் தன் கையால் நிக்காஹ் புடவை கட்டிவிட்டு அழைத்து வந்தவளே அவள்தான். படுக்கையில் கிடந்தவள் கதவுச் சத்தம் கேட்கிறபோதெல்லாம், "லாத்தா வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே போய்விட்டாள். அதை நான் எப்படிப் பொருந்திக்கொள்வது? முடியாது. அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே விளக்குக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"சும்மாதானே நிக்கிறீங்க. நான் முன்னாடி போய் சுவிட்சைப் போடறேன், எரியுதான்னு பாருங்க" என்றேன்.

"எரியுது" என்றாள். நான் இறங்கி வருவதற்குள், "இல்லை தம்பி, போயிருச்சு" என்றாள்.

"ஒழுங்காப் பாருங்க!"

"ஒழுங்காத்தான் பாக்குறேன்."

இப்படியே முன்னுக்கும் பின்னுக்கும் அலைந்தேன். ஒரு பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவள் ஏறவில்லை. முகமெல்லாம் வியர்த்து, கோபுரத்து நிழலுக்குக்கூடப் போகாமல் என் பின்னாலேயே நின்றாள். அவள் நிற்க நிற்க எனக்கு எரிச்சல் ஏறியது.

"என் பிள்ளைகளுக்குத் தொத்திக்கும்னு பயந்துட்டேன் தம்பி" என்றாள் திடீரென்று. "வேற ஒண்ணும் இல்லை. பயம்தான்."

உப்புத்தாளைச் சுருட்டி ஹோல்டருக்குள் விட்டுத் தேய்த்தேன். பல்பு உட்காரும் அந்தக் கிண்ணத்தின் அடியில் பித்தளைப் பொட்டு ஒன்று உண்டு. பல்பு அதைத் தொட்டால்தான் எரியும். அதன்மேல் மஞ்சளாக என்னவோ காய்ந்து பிடித்திருந்தது. துரு என்றுதான் நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கமகமவென்று மணக்கிறது.

சந்தனம்!

எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து டாக்சியின் பின்சீட்டில் காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த வீரமலையை உலுக்கி எழுப்பினேன். வெள்ளிக்கிழமைதோறும் தன் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பவன் அவன். நான் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில் என் வண்டியையும் சேர்த்துக் கழுவுவான். கண்ணாடிக்கு மேலே பொட்டு வைத்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

"யோவ், ஹோல்டருக்குள்ள சந்தனத்தைக் கொண்டுபோய் வச்சது யாரு?"

அவன் கண்ணைக் கசக்கினான். "நான்தான் பாய். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேனா, உள்ள ஒரே அழுக்கு. துடைச்சிட்டு, வெளிச்சம் வர்ற இடமாச்சேன்னு உள்ளயும் ஒரு பொட்டு..."

"வெளிச்சம் வர்ற இடத்தை அடைச்சு வச்சிருக்கியேய்யா! நேத்திலேருந்து நாய் படாத பாடு படறேன். போலீஸ்காரன்கிட்ட பேச்சு வேற!"

வீரமலையின் முகம் செத்துப்போயிற்று. "ஐயையோ, தெரியாம செஞ்சிட்டேன் பாய். மன்னிச்சிருங்க" என்று என் கையைப் பிடித்தான்.

பாவமாக இருந்தது. அவன் என்ன கெட்ட எண்ணத்திலா செய்தான்? "சரி விடுய்யா, போகட்டும். நல்லது நெனச்சுத்தானே வச்சே" என்று முதுகில் தட்டினேன். பொட்டைச் சுத்தமாகச் சுரண்டி பல்பைப் போட்டதும், விளக்கு அசையாமல் எரிந்தது. தட்டிப் பார்த்தேன், அப்போதும் எரிந்தது.

திரும்பினால் லாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ஒரு நொடியில சொல்லிட்டியே தம்பி" என்றாள். "எனக்கு மட்டும் ஏன் வாய் வரமாட்டேங்குது?"

கழற்ற இனி எதுவும் இல்லை, தலையைப் புதைத்துக்கொள்ளவும் இடமில்லை. வீரமலை மெல்ல நழுவி டீக்கடைப் பக்கம் போய்விட்டான். சத்திரத்துப் பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் ஒரு அடி எடுத்துவைத்தாள்.

"லாத்தா" என்றேன். "பொருந்திக்கிட்டேன்னு சொல்லிருவேன். ஒரு வார்த்தைதானே. ஆனா மனசு சொல்லலை. அவ கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்தது கண்ணுக்குள்ளேயே நிக்குது."

அவள் துப்பட்டி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதோம்.

"அங்க போய் என்ன துஆ கேக்கப் போறீங்களோ தெரியாது" என்றேன். "இவன் மனசும் ஆறணும்னு எனக்காகக் கேளுங்க. ஆறின அன்னிக்கு நானே சொல்றேன்."

"நான் திரும்பி வராட்டி?"

"வரணும்" என்றேன், கோபமாக. "வந்தாத்தானே சொல்ல முடியும்? வரணும்."

பஸ் போய்விட்டது. அவள் ஏறுவதற்கு நான் என் வண்டியின் கதவைத் திறந்துவிட்டேன்.